குடியேற்றச் சட்டங்களின் வரலாறு – இயல் 17: அலபாமாவின் பள்ளி வாசல்

1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 187ஆம் முன்மொழிவு நீதிமன்றங்களில் ஐந்தாண்டுக் காலம் முடங்கிக் கிடந்து, 1999இல் கைவிடப்பட்ட வரலாறு சென்ற இயலில் விரிவாகக் கூறப்பட்டது. அந்தத் தோல்விக்குப் பின் அமெரிக்க மாநிலங்கள் குடியேற்றத்தில் தலையிடத் துணியமாட்டா என்ற நம்பிக்கை பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2004இல் அரிசோனாவில் தொடங்கிய இரண்டாம் அலை, 2011க்குள் தென்கிழக்கு மாநிலங்கள் வரை பரவியது. இந்த இயல் அவ்வலையின் இரு முகடுகளான அரிசோனாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அலபாமாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அவற்றை எதிர்த்து நின்ற அமைப்புகளையும் பற்றியது. இவ்விரண்டில் உலகப் புகழ் பெற்றது அரிசோனா வழக்கே. எனினும் எதிர்ப்பு அமைப்புகளின் உழைப்பு எத்தகையது, அது எந்த வாதத்தால் வென்றது என்பதை அறிவதற்கு அலபாமாவே தகுந்த களம் என்பதால், இவ்வியலின் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

வழக்குகளுக்குள் நுழையுமுன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, குடியுரிமையையும் அயல்நாட்டாரையும் ஒன்றியப் பட்டியலின் 17ஆம் பதிவிலும், நாட்டுக்குள் அனுமதித்தலையும் வெளியேற்றுதலையும் 19ஆம் பதிவிலும் ஐயத்துக்கு இடமின்றி ஒன்றிய அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்போ குடியுரிமை வழங்குவதற்கு நாடு முழுமைக்கும் ஒரே சீரான விதி வகுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கு அளித்ததோடு நின்றுவிட்டது; யார் உள்ளே வரலாம், வந்தவர் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைப் பற்றி அது வெளிப்படையாக எதையும் கூறவில்லை. அந்த இடைவெளியில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் துறைமுக மாநிலங்களே கப்பலில் வந்திறங்கியோர் மீது வரியும் பிணைத்தொகையும் விதித்துவந்தன. 1876 மார்ச்சில் ஒரே நாளில் அளித்த தீர்ப்புகளில் நியூயார்க்கின் பிணைத்தொகைச் சட்டத்தையும், சீனப் பெண்களைக் கப்பலிலேயே தடுத்து நிறுத்திய கலிஃபோர்னியாவின் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இது கூட்டாட்சி அரசின், அதாவது தேசிய அரசின், அதிகாரம் என்று நிலைநாட்டியது. பின்னர் 1941இல், அயல்நாட்டார் அனைவரும் பதிவு செய்து அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற பென்சில்வேனியாவின் சட்டமும் அதே காரணத்தால் வீழ்ந்தது. தேசியச் சட்டம் ஒரு துறையை முழுமையாக ஆளும்போதோ, மாநிலச் சட்டம் அதன் நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கும்போதோ, மாநிலச் சட்டம் வழிவிட வேண்டும் என்ற இந்த நெறியை முந்துநிலைக் கோட்பாடு என்று இங்கே குறிப்பிடலாம். இக்கோட்பாடு கேட்பது சட்டத்தை இயற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற ஒரே கேள்வியைத்தான். அச்சட்டம் மனிதரை என்ன செய்கிறது என்று அது கேட்பதில்லை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

இரண்டாம் அலையின் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. ஆவணமற்ற ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கைது செய்து நாடு கடத்துவது எந்த அரசாலும் இயலாது என்பதால், வேலை, வீடு, பயணம், கல்வி ஆகிய அன்றாடத் தேவைகள் ஒவ்வொன்றையும் கடினமாக்கி, அவர்கள் தாமாகவே வெளியேறும் நிலையை உண்டாக்க வேண்டும் என்பதே அக்கொள்கை; அதன் ஆதரவாளர்கள் அதை அமலாக்கத்தின் வழியே தேயச் செய்தல் என்று வெளிப்படையாகவே பெயரிட்டு அழைத்தனர், அரிசோனாவின் சட்டம் தன் முதற்பிரிவிலேயே அதைத் தன் நோக்கமாக அறிவித்தது. இச்சட்டங்கள் பலவற்றை வரைவதில் முன்னின்றவர் சட்டப் பேராசிரியராக இருந்து 2011 முதல் கான்சஸ் மாநிலச் செயலராகப் பணியாற்றிய கிரிஸ் கோபாக்; 1979இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தக் கூட்டமைப்பின் சட்டப் பிரிவோடு இணைந்து அவர் இயங்கினார். எனவே இதை அரசுக்கும் அமைப்புகளுக்கும் இடையிலான மோதல் என்று மட்டும் காண்பது குறைபாடான பார்வையாகும். சட்டம் இயற்றிய பக்கத்திலும் பல்லாண்டுத் திட்டத்தோடு உழைத்த அமைப்புகள் இருந்தன. ஒரே வார்ப்பில் அடித்த சட்டங்கள் மாநிலம் மாநிலமாகத் தோன்றியதற்குக் காரணம் அதுவே.

அரிசோனாவின் சட்டமன்ற மேலவை உறுப்பினர் ரஸல் பியர்ஸ் முன்மொழிந்த 1070ஆம் எண் மசோதாவில் ஆளுநர் ஜான் ப்ரூவர் 2010 ஏப்ரல் 23 அன்று கையெழுத்திட்டார். (அமெரிக்க மாநில ஆளுநர் இந்திய ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முதலமைச்சருக்கு நிகரான அதிகாரம் செலுத்துபவர்.) அதற்கு முந்தைய மாதம் எல்லையோரப் பண்ணை உரிமையாளர் ஒருவர் தம் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், அக்கொலை எழுப்பிய அச்சமும் சினமும் மசோதாவுக்குப் பெரும் வலுச் சேர்த்தன. வேறொரு காரணத்துக்காக நிறுத்தப்பட்ட எவரையும், அவர் ஆவணமற்றவர் என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால், காவலர் அவரது குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் மையப் பிரிவு. பதிவு ஆவணம் கையில் இல்லாததும், அனுமதியின்றி வேலை தேடுவதும் மாநிலக் குற்றங்களாயின; நாடுகடத்தத்தக்க குற்றம் புரிந்தவர் என்று கருதினால் பிடியாணை இன்றியே கைது செய்யலாம் என்றும் விதிக்கப்பட்டது. சந்தேகம் எதைக் கொண்டு எழும் என்ற கேள்விக்குச் சட்டம் சொன்ன விடை எவரையும் அமைதிப்படுத்தவில்லை. நிறத்தையும் பேச்சையும் தவிரத் தெருவில் செல்லும் ஒருவரிடம் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதை, பல தலைமுறைகளாக அம்மண்ணிலேயே வாழும் மெக்சிக வம்சாவளிக் குடிமக்கள் உடனே உணர்ந்தனர்.

எதிர்ப்பு இரு வகை அமைப்புகளிடமிருந்து வந்தது. முதல் வகை தேசிய அளவிலான வழக்குரைஞர் அமைப்புகள்: 1920இல் தோன்றிய அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம், 1968இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நிறுவப்பட்டு மால்டெஃப் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மெக்சிக அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு நிதியம், 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான தேசியக் குடியேற்றச் சட்ட மையம் ஆகியன. இவை பல தொழிற்சங்கங்களோடும் உள்ளூர் அமைப்புகளோடும் சேர்ந்து 2010 மே 17 அன்று வழக்குத் தொடுத்தன. இரண்டாம் வகை ஃபீனிக்ஸ் நகரின் தெருக்களிலிருந்து எழுந்தது. 2007இல் தோன்றிய புவெந்தே இயக்கம் குடியிருப்புதோறும் பாதுகாப்புக் குழுக்களை அமைத்து, காவலர் கதவைத் தட்டினால் என்ன கேட்கலாம், எதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதையெல்லாம் கற்பித்தது. தேசியத் தினக்கூலித் தொழிலாளர் வலையமைப்பு, தெருமுனைகளில் வேலைக்காக நிற்போரை ஒன்றுதிரட்டியது. சட்டம் கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்பு மாணவர் ஒன்பது பேர் சட்டமன்றக் கட்டடத்தின் கதவுகளில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு கைதாயினர். பெண்கள் பலர் அந்தக் கட்டடத்தின் முன்பு வாரக்கணக்கில் வழிபாட்டு நோன்பு இருந்தனர்.

இவ்விரு வகையினருக்கும் இடையே எப்போதும் இணக்கம் இருந்ததில்லை. அரிசோனாவைப் புறக்கணிக்குமாறு அம்மாநிலத்தின் தேசிய நாடாளுமன்ற உறுப்பினரான ரவுல் கிரிஹால்வாவே அழைப்பு விடுத்தார். குடியேற்ற வழக்குரைஞர் சங்கம் தன் மாநாட்டை அங்கிருந்து மாற்றியது, லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் வணிக உறவுகளைக் குறைக்கத் தீர்மானித்தது. விடுதிகளில் வேலை குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் அவ்விடுதிகளைத் துப்புரவு செய்யும் குடியேறிகளே என்ற கவலையும் கூடவே எழுந்தது. அக்கவலை நியாயமானது. எனினும் புறக்கணிப்பின் தாக்கம் வேறொரு வழியில் வெளிப்பட்டது: 2011 மார்ச்சில் அரிசோனாவின் பெருநிறுவனத் தலைவர்கள் 60 பேர் பியர்ஸுக்குக் கடிதம் எழுதி இத்தகைய மசோதாக்களை நிறுத்தக் கோரினர், சில நாள்களிலேயே அவர் ஆதரித்த அடுத்த ஐந்து மசோதாக்களை அவர் தலைமை தாங்கிய மேலவையே தோற்கடித்தது. அதே ஆண்டு நவம்பரில், தேர்ந்தெடுத்த உறுப்பினரை இடையிலேயே நீக்கும் திரும்ப அழைக்கும் தேர்தலில் பியர்ஸ் தம் இடத்தை இழந்தார்.

நீதிமன்றத்தில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. அமைப்புகளின் மனு, சமத்துவ உரிமையையும் காரணமின்றிப் பிடித்துவைக்கப்படாமல் இருக்கும் உரிமையையும் முன்னிறுத்தியதோடு முந்துநிலைக் கோட்பாட்டையும் சேர்த்திருந்தது. கூட்டாட்சி அரசு 2010 ஜூலை 6 அன்று தானும் தனியாக ஒரு வழக்குத் தொடுத்து, முந்துநிலைக் கோட்பாட்டை மட்டுமே சார்ந்து நின்றது. மாவட்ட நீதிபதி சூசன் போல்டன், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாளான ஜூலை 28 அன்று அதன் நான்கு முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது அந்த அரசு வழக்கில்தான். 2012 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5-3 என்ற பெரும்பான்மையில், ஆவணம் வைத்திராமை, வேலை தேடல், பிடியாணையற்ற கைது ஆகிய மூன்று பிரிவுகளையும் ரத்து செய்தது. காவலர் நிலையைச் சரிபார்க்கும் பிரிவை அப்போதைக்கு விட்டுவைத்தது. நீதிபதி கென்னடி எழுதிய அத்தீர்ப்பு, குடியேற்றத்தை ஆளும் அதிகாரமும் யாரை வெளியேற்றுவது, யாரை விட்டுவிடுவது என்ற விருப்புரிமையும் தேசிய அரசுக்கே உரியவை என்று உறுதிப்படுத்தியது. அந்த விருப்புரிமையைக் கொண்டு அதே நிதியாண்டில் தேசிய அரசு நாட்டைவிட்டு அகற்றியவர்களின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. வெற்றி உண்மையானதே, ஆனால் அது இரவல் வாதத்தால் பெற்ற வெற்றி. இனத்தின் அடிப்படையில் மனிதரைச் சந்தேகிப்பது தவறு என்று அத்தீர்ப்பில் எங்கும் முடிவு செய்யப்படவில்லை. அந்த முடிவு 2013 மேயில், மாரிகோப்பா மாவட்டத் தலைமைக் காவல் அதிகாரி ஜோ அர்ப்பாயோவுக்கு எதிராக 2007 முதல் நடந்த வேறொரு வழக்கில், போக்குவரத்துச் சோதனைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பின்னரே கிடைத்தது.

அரிசோனா வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டுமுன்பே அதன் சாயலில் யூட்டா, ஜார்ஜியா, இண்டியானா, அலபாமா, தென் கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்கள் 2011இல் சட்டங்களை இயற்றிவிட்டன. தென் கரோலினாவில் கையெழுத்திட்ட ஆளுநர் நிக்கி ஹேலி பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் என்பது பலரால் சுட்டிக்காட்டப்பட்டது. ஐந்தினும் கடுமையானது ஆளுநர் ராபர்ட் பென்ட்லி 2011 ஜூன் 9 அன்று கையெழுத்திட்ட அலபாமாவின் 56ஆம் எண் சட்டமே. அம்மாநிலத்தில் ஸ்பானிய மொழி வழியினரின் தொகை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 76,000 ஆக இருந்து 2010இல் ஏறத்தாழ 1,86,000 ஆக உயர்ந்திருந்தது. அப்போதும் அது மொத்த மக்கள்தொகையில் 4 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆல்பர்ட்வில், ரஸல்வில் போன்ற சிற்றூர்களின் கோழி இறைச்சி ஆலைகளும் தக்காளித் தோட்டங்களும் கட்டுமானப் பணிகளும் அவர்களை ஈர்த்திருந்தன.

அலபாமாச் சட்டம் காவலர் சோதனையோடு நிற்கவில்லை. ஆவணமற்றவருக்கு வீடு வாடகைக்கு விடுவதும் அவரை வண்டியில் ஏற்றிச் செல்வதும் குற்றமாயின. அவர் அரசோடு எந்த அலுவல் நடவடிக்கையில் ஈடுபட்டாலும் அது கடுங்குற்றம் என்றது 30ஆம் பிரிவு. அவரோடு செய்த ஒப்பந்தம் எதையும் மாநில நீதிமன்றங்கள் செல்லுபடியாக்கக் கூடாது என்ற 27ஆம் பிரிவு, ஓரிரவுத் தங்கல், உணவு வாங்குதல், மருத்துவம், சொந்த நாடு திரும்புவதற்கான பயணம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. இந்த விலக்குப் பட்டியலைப் படிப்போர் சட்டத்தின் உள்ளத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை: ஒரு மனிதர் ஓரிரவு உறங்கலாம், உண்ணலாம், பின்பு போய்விட வேண்டும். 28ஆம் பிரிவோ, பொதுப்பள்ளியில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்ததா, ஆவணமற்ற பெற்றோரின் பிள்ளையா என்பதைப் பள்ளி கண்டறிந்து மாநிலக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது.

பள்ளிப் பிரிவு எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கவில்லை என்று மாநிலம் வாதிட்டது. எழுத்தளவில் அது உண்மை. ஆனால் அப்பிரிவின் வேர் 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 பெரும்பான்மையில் அளித்த பிளைலர் தீர்ப்பில் இருந்தது. ஆவணமற்ற பிள்ளைகளின் கல்விக்குப் பணம் தர மறுத்து 1975இல் டெக்சாஸ் இயற்றிய சட்டத்தையும், டைலர் நகரப் பள்ளி மாவட்டம் அத்தகைய பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்ததையும் எதிர்த்து மால்டெஃப் நடத்திய வழக்கு அது. பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளைகளைக் கல்வியற்ற நிரந்தர அடித்தட்டாக ஆக்குவது சமத்துவ உரிமைக்கு முரண் என்று கூறிய அத்தீர்ப்பு, அவர்களால் பள்ளிகளுக்குத் தாங்கவொண்ணாச் சுமை ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தது. அந்தச் சான்றைத் திரட்டி பிளைலர் தீர்ப்பையே மறுபரிசீலனைக்குக் கொண்டுவருவதுதான் 28ஆம் பிரிவின் உள்நோக்கம் என்று எதிர்ப்பு அமைப்புகள் வாதிட்டன. கணக்கெடுப்பு என்ற பெயரில் வகுப்பறைக்குள் அச்சம் நுழையும் என்று எச்சரித்தன.

2011 ஜூலை 8 அன்று தொடுக்கப்பட்ட வழக்கின் முதல் மனுதாரர் 1999இல் பர்மிங்ஹாமில் தோன்றிய அலபாமா ஸ்பானிய மொழியினர் நலக் கூட்டமைப்பு. அதனோடு வியட்நாமிய அகதிகளுக்கான அமைப்பு, மொழிபெயர்ப்பாளர் சங்கம், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்பு, தொழிற்சங்கங்கள், பல சமயத்தார் இணைந்த தொண்டு நிறுவனம் ஆகியவையும் சேர்ந்தன. மாண்ட்கோமரியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு வறுமைச் சட்ட மையத்தின் வழக்குரைஞர்கள் தேசிய அமைப்புகளோடு கைகோத்து வாதாடினர். இத்தனை வகை அமைப்புகள் ஏன் மனுதாரராயின என்பதற்கு அமெரிக்க நடைமுறையின் ஒரு விதியை அறிய வேண்டும். அங்கே வழக்காடும் தகுதி பெற, தனக்கு நேரடித் தீங்கு நேர்ந்திருப்பதை மனுதாரர் காட்டியாக வேண்டும். பொதுநல நோக்கு மட்டும் போதாது. ஒரு சட்டத்தின் விளைவைச் சமாளிக்க ஓர் அமைப்பு தன் பணத்தையும் ஆட்களையும் வழக்கமான பணியிலிருந்து திருப்ப நேர்ந்தால் அதுவே தீங்கு என்பதை 1982 முதல் நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. எனவே எத்தனை பேர் உதவி கேட்டு வந்தனர், எந்த வகுப்பு கைவிடப்பட்டது, எந்த ஊழியர் எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று சிறு அலுவலகங்கள் எழுதிவைத்த குறிப்பேடுகள் சட்ட ஆயுதங்களாயின. தனிமனித மனுதாரர்களோ, பெயர் வெளிவந்தால் நாடுகடத்தலுக்கு ஆளாகலாம் என்பதால், ஜேன் டோ, ஜான் டோ என்ற புனைபெயர்களில் எண்ணிட்டு இடம்பெற்றனர்.

ஆகஸ்ட் 1 அன்று கூட்டாட்சி அரசும் தன் வழக்கைத் தொடுத்தது. அதே நாளில் எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட் சபைகளின் ஆயர்களும், மொபைல் நகரின் கத்தோலிக்கப் பேராயரும் பர்மிங்ஹாமின் கத்தோலிக்க ஆயரும் சேர்ந்து மூன்றாவது வழக்கைத் தொடுத்தனர். ஆவணமற்ற ஒருவரை வழிபாட்டுக்கு வண்டியில் அழைத்துவருவதும் பசித்தவருக்கு உணவளித்து இடம் கொடுப்பதும் தண்டனைக்குரியவை ஆனால், சமயக் கடமையை நிறைவேற்றும் உரிமையே பறிபோகும் என்பது அவர்கள் வாதம். இந்த வழக்குக்குச் சட்டப் பயனைவிட வரலாற்றுப் பொருள் பெரிது. 1963இல் பர்மிங்ஹாமில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தை அறிவற்றது, காலம் பொருந்தாதது என்று கூறி எட்டு வெள்ளைச் சமயத் தலைவர்கள் அறிக்கை விட்டனர். கிங் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதம் அவர்களுக்கான மறுமொழியே. அந்த எட்டுப் பேரில் எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட், கத்தோலிக்கச் சபைகளின் ஆயர்களும் இருந்தனர். 48 ஆண்டுகளுக்குப் பின் அதே சபைகளின் பீடங்களில் அமர்ந்தவர்கள் தம் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்ததை, முன்னோரின் அந்த அறிக்கைக்குச் செய்த கழுவாயாகவே கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 28 அன்று மாவட்ட நீதிபதி ஷாரன் பிளாக்பர்ன், வண்டியில் ஏற்றுதல், வாடகைக்கு விடுதல் முதலியவற்றைக் குற்றமாக்கிய பிரிவைத் தடுத்தார். ஆனால் பள்ளிப் பிரிவையும், ஒப்பந்தப் பிரிவையும், அரசு அலுவல் பிரிவையும், காவலர் சோதனையையும் நடைமுறைக்கு வர அனுமதித்தார். அமெரிக்காவில் இத்தகைய பள்ளிப் பிரிவு நடைமுறைக்கு வந்த ஒரே மாநிலம் அலபாமாவாயிற்று. அடுத்த திங்கட்கிழமை ஸ்பானிய மொழி வழி மாணவர்கள் 2,200க்கும் மேற்பட்டோர் பள்ளிக்கு வரவில்லை. அவர்களுள் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்குப் பிரிவு பொருந்தாது என்று கல்வி அதிகாரிகள் அறிவித்தும் பயனில்லை. ஒரு சிற்றூரின் குடிநீர் வழங்கல் அலுவலகம், மாநில அடையாள அட்டை இல்லாதோருக்குத் தண்ணீர் நிறுத்தப்படலாம் என்று அறிவிப்பு ஒட்டியது. அமைப்புகள் திறந்த தொலைபேசி உதவி எண்ணுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் வந்தன. தாம் கைதானால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை எழுதித்தரும் அதிகாரப் பத்திரங்களில் கையெழுத்திடப் பெற்றோர் தேவாலயக் கூடங்களில் வரிசையில் நின்றனர்; கையெழுத்திட்டவர்களின் பிள்ளைகள் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். சட்டம் எதிர்பார்த்தபடியே வேலை செய்தது என்பதுதான் இதில் கொடுமை.

அமைப்புகளின் பணி இக்கட்டத்தில் புலம்பலாக இல்லாமல் பதிவாக மாறியது. அழைத்தவர் ஒவ்வொருவரின் செய்தியும் தேதியிட்டுக் குறிக்கப்பட்டது. அவற்றுள் வாக்குமூலமாகத் தகுந்தவை பிரமாணப் பத்திரங்களாயின. அட்லாண்டாவில் உள்ள 11ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 14 அன்று பள்ளிப் பிரிவுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அப்பிரிவு செயல்பட்டது ஏறத்தாழ இரண்டு வாரங்களே. ஆனால் இரண்டு வாரத்தில் உண்டான அச்சம் அத்தடையோடு அகலவில்லை: அக்கல்வியாண்டின் தொடக்கத்துக்கும் 2012 பிப்ரவரிக்கும் இடையே மாநிலத்தின் ஸ்பானிய மொழி வழி மாணவர்களில் 13.4 விழுக்காட்டினர் பள்ளியிலிருந்து விலகினர் என்று தேசிய நீதித்துறை அமைச்சகம் பின்னர் மாநிலக் கல்வித் துறைக்குத் தெரிவித்தது.

30ஆம் பிரிவின் விளைவு எவரும் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. அலபாமாவின் ஏழைக் குடும்பங்கள் பல, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளில் வாழ்கின்றன. அவற்றின் உரிமையாளர் ஆண்டுதோறும் நவம்பர் இறுதிக்குள் கட்டணம் செலுத்திப் பதிவு வில்லையை வீட்டில் ஒட்ட வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. புதிய சட்டத்தின்படி அரசோடு அலுவல் நடத்துவது ஆவணமற்றவருக்குக் கடுங்குற்றம் என்பதால், கட்டணம் செலுத்தச் சென்றால் ஒரு குற்றம், செலுத்தாவிட்டால் இன்னொரு குற்றம். வீட்டை வேறு மாநிலத்துக்கு இழுத்துச் செல்லலாம் என்றாலோ, அதற்கான அனுமதிக்கும் அந்த வில்லையே தேவை. நியாயமான வீட்டு வசதிக்கான உள்ளூர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், மாண்ட்கோமரி நீதிபதி மைரன் தாம்ப்சன் கெடு முடியுமுன்பே தடை விதித்து, டிசம்பரில் அதை விரிவான ஆணையாக உறுதி செய்தார். சட்டமன்ற விவாதங்களை வரிவரியாக ஆராய்ந்த அவர், உறுப்பினர்களின் பேச்சில் ஆவணமற்றோர் என்பதும் ஸ்பானிய மொழியினர் என்பதும் ஒரே பொருளில் புழங்கியதை எடுத்துக்காட்டி, சட்டத்தில் இனப் பாகுபாட்டு நோக்கம் கலந்திருப்பதற்கு வலுவான சான்று உண்டு என்று கண்டார். அரிசோனாத் தீர்ப்பு சொல்லாமல் விட்டது இங்கே, வீட்டுக் கதவில் ஒட்டும் ஒரு வில்லையைப் பற்றிய சிறு வழக்கில், சொல்லப்பட்டது.

பொருளாதார வாதமும் ஓங்கியது. மலைச்சரிவுத் தோட்டங்களில் பறிக்க ஆளின்றித் தக்காளி அழுகியதை விவசாயிகள் சட்டமன்ற உறுப்பினர்களை அழைத்துக் காட்டினர். அலபாமா பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாமுவேல் ஆடி, மாநில உற்பத்திக்கு ஆண்டுக்கு 230 கோடி முதல் 1,080 கோடி டாலர் வரை இழப்பு நேரலாம் என்று கணித்தார். நவம்பரில் டஸ்கலூசாவில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் உரிய உரிமம் கையில் இல்லாததால் கைதானபோது, அயல்நாட்டு முதலீட்டை நாடும் மாநிலம் தலைகுனிந்தது. ஆட்சியாளரை அசைத்ததில் இந்த வாதத்துக்குப் பங்கு உண்டு. ஆயினும் மனிதரை அவர்தம் கைகளின் விலையால் அளக்கும் வாதம் அது. பறிப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டால் அது உதவாது. பொருளாதாரக் கணக்கைப் பயன்படுத்திக்கொண்டே அதன் மீது முழுப் பாரத்தையும் வைக்காததில் அலபாமா அமைப்புகளின் தெளிவு தெரிகிறது. 2012 மார்ச்சில், 1965ஆம் ஆண்டு வாக்குரிமைப் பயணத்தின் நினைவாக செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியில் கறுப்பின அமைப்புகளும் குடியேறிகளும் ஒன்றாக நடந்தனர். கறுப்பினத்தாரின் வேலையைக் குடியேறிகள் பறிக்கின்றனர் என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லிவந்த மண்ணில் அந்த நடை எளிதாக அமைந்ததன்று.

2012 ஆகஸ்ட் 20 அன்று 11ஆம் வட்ட நீதிமன்றம் தன் தீர்ப்பை அளித்தது. ஒப்பந்தப் பிரிவு உள்ளிட்ட பலவற்றை முந்துநிலைக் கோட்பாட்டால் தடுத்த அது, காவலர் சோதனையை அரிசோனாத் தீர்ப்பைப் பின்பற்றி விட்டுவைத்தது. பள்ளிப் பிரிவையோ அமைப்புகளின் வழக்கில், பிளைலர் தீர்ப்பின் வழியில், சமத்துவ உரிமையை மீறியது என்ற காரணத்தாலேயே வீழ்த்தியது: பள்ளி வாசலில் கேட்கப்படும் கேள்வி பிள்ளையின் கல்வி உரிமைக்குக் கணிசமான இடையூறு என்றும், அதை நியாயப்படுத்த மாநிலம் காட்டிய காரணங்கள் போதா என்றும் அது முடிவு செய்தது. தடுக்கப்பட்ட பிரிவுகள் சிலவற்றுக்காக மாநிலம் செய்த முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 29 அன்று ஏற்க மறுத்தது. அக்டோபரில் மாநிலம் சமரசத்துக்கு வந்து, தடுக்கப்பட்ட பிரிவுகளை நிரந்தரமாகக் கைவிடவும், குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பதற்கென்றே எவரையும் நிறுத்தவோ நேரம் நீட்டிக்கவோ சட்டம் அதிகாரம் தரவில்லை என்று ஏற்கவும், வழக்குரைஞர் செலவாக 3,50,000 டாலர் தரவும் ஒப்புக்கொண்டது. அரிசோனாவிலும் 2016 செப்டம்பரில் ஏறத்தாழ இதே வடிவில் சமரசம் ஏற்பட்டு, தலைமை வழக்குரைஞர் காவலருக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார். அங்கே செலுத்தப்பட்ட செலவுத் தொகை 14 லட்சம் டாலர்.

2011 இலையுதிர்காலத்தில் இரவோடிரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜார்ஜியாவுக்கும் டென்னிசிக்கும் ஃபுளோரிடாவுக்கும் சென்ற குடும்பங்கள் எத்தனை என்பதை எந்த ஆவணமும் முழுமையாகச் சொல்லவில்லை. தங்கியவர்கள் மறு ஆண்டு ஆகஸ்டில், தீர்ப்பு வந்த அதே மாதத்தில், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு மீண்டும் பள்ளி அலுவலகங்களின் முன் நின்றனர். அவர்களுக்காக வாதாடிய மனுதாரர்களின் பெயர்கள் வழக்குப் பதிவேட்டில் இன்றும் ஜேன் டோ, ஜான் டோ என்றே எண்ணிட்டுக் காணப்படுகின்றன.